படியடியில் மங்கிய விளக்கு: தோட்டத்துக்கு எந்த வயர்?

கண்டியில் மலைச்சரிவில் வீடு இருந்தால் படிகளும் இருக்கும். ஹந்தானைப் பக்கமுள்ள எங்கள் வீட்டிலிருந்து வீதிக்கு இறங்கும் படிகளின் கடைசி வளைவில், போன மழைக்காலத்து இரவொன்றில் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அங்கே நான் பொருத்திய நான்கு விளக்குகளும் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் படி தெரியுமளவுக்கு வெளிச்சம் இல்லை.

குறை மின்குமிழில் அல்ல, வயரில்.

"20 வொட்டுக்கு இது தாராளம்" என்று கடையில் தந்தது 1/1.13 வயர். அதாவது 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பி. குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீற்றர். வயர் சூடாகாது என்ற அளவில் கடைக்காரர் சொன்னது சரி. தூரத்தை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் விளக்குகள் 12 வோல்ட்டில் எரிபவை. 20 வொட்டை 12 ஆல் வகுத்தால் மின்னோட்டம் சுமார் 1.7 அம்பியர். மின்மாற்றியிலிருந்து தூரம் 30 மீற்றர். போகவும் வரவும் 60 மீற்றர் கம்பி. இந்த வயரின் தடை மீற்றருக்கு 0.018 ஓம் என்பதால் வழியிலேயே ஏறத்தாழ 1.8 வோல்ட் போய்விடுகிறது. 12இல் அது 15 வீதம். இதே 20 வொட் 230 வோல்ட்டில் ஓடினால் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் குறைவு.

இழப்பைக் குறைக்கத் தடித்த வயர் வேண்டும். 7/0.67 வயரில் (2.5 சதுர மில்லிமீற்றர்) இழப்பு சுமார் 0.74 வோல்ட், 7/0.85இல் (4 சதுர மில்லிமீற்றர்) 0.46 வோல்ட். இறக்குமதி விளக்குப் பெட்டிகளில் அமெரிக்க கேஜ் அளவு இருந்தால் கவனம்: அங்கே எண் கூடக்கூட வயர் மெலியும். 12 கேஜ் சுமார் 3.3, 16 கேஜ் சுமார் 1.3 சதுர மில்லிமீற்றர்.

அப்படியானால் 230 வோல்ட்டையே தோட்டத்துக்குக் கொண்டுபோனால் என்ன? மண்வெட்டி பட்டோ, இணைப்பில் மழைநீர் இறங்கியோ பழுதானால் அது உயிரை எடுக்கும். கவச வயர், போதிய ஆழம், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், தகுதியுள்ள மின்வேலையாளர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

நான் 12 வோல்ட்டிலேயே நின்று, 7/0.85 வயருக்கு மாறினேன். செலவு கூடத்தான். ஆனால் இப்போது கடைசிப் படியின் விளிம்பு தெரிகிறது. கடைக்குப் போகுமுன் வொட்டைக் கூட்டுவதோடு, கயிறு பிடித்துத் தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.