"தோண்டினான்" – ஆங்கிலத்தில் எப்படி?

நெய்வேலியின் கதையே தோண்டிய கதைதான்!

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டினார்கள். தண்ணீரோடு கறுப்பு நிறப் பொருளும் வந்தது. 1956-ல் நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டது. 1961-ல் பூமிக்குள்ளிருந்த பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் அதை எரித்து மின்சாரம் எடுத்தார்கள்.

இந்தக் கதையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், நெய்வேலிச் சிறுவன் முதல் வரியிலேயே திகைப்பான். தோண்டு என்பதற்கு ஆங்கிலத்தில் "டிக்". தோண்டினான் என்பதற்கு?

விதிக்கு அடங்காத சொற்கள்

நடந்து முடிந்ததைச் சொல்ல, வினைச்சொல்லின் கடைசியில் "இ.டி." என்ற இரண்டு எழுத்துக்களைச் சேர்க்க வேண்டும். இது பொது விதி. நட என்பது "வாக்". நடந்தான் என்பது "வாக்டு".

அப்படியானால் தோண்டினான் என்பது "டிக்டு" தானே? இல்லை. "டக்"! கண்டுபிடி என்பது "பைண்ட்"; கண்டுபிடித்தான் என்பது "பவுண்ட்". கொண்டுவா என்பது "பிரிங்". கொண்டுவந்தான் என்பது "பிராட்".

அன்று சரி, இன்று தவறு!

"டிக்டு" என்று எழுதும் பையன் முட்டாள் அல்ல. 1611-ல் வெளிவந்த ஆங்கில பைபிளில், கிணறு தோண்டிய இடத்தில் "டிக்டு" என்றுதான் இருக்கிறது! பின்னால்தான் "டக்" நிலைத்தது.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. உதவினான் என்பதற்கு முன்பு "ஹோல்ப்" என்றார்கள். இன்று "ஹெல்ப்டு".

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காத 177 வினைச்சொற்களை எடுத்துப் பார்த்தார்கள். இன்றும் அடங்காதவை 98 மட்டுமே. அடிக்கடி வாயில் வரும் சொற்கள் பழைய உருவத்திலேயே நின்றன. எப்போதாவது வருபவை விதிக்குப் பணிந்தன.

தமிழிலும் உண்டு

ஓடு – ஓடினான். பாடு – பாடினான். ஆனால், போடு? "போடினான்" என்று யாரும் சொல்வதில்லை. "போட்டான்" என்கிறோம். எந்தப் பள்ளியிலும் சேருவதற்கு முன்பே, கேட்டுக் கேட்டுப் பழகியது அது.

ஆங்கிலத்துக்கும் வழி அதுவே. "டிக்–டக்", "பைண்ட்–பவுண்ட்", "பிரிங்–பிராட்" என்று இரண்டிரண்டாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தினமும் ஐந்து சோடி போதும். பிள்ளை சொல்லும்போது பெற்றோரும் கூடச் சொல்லலாம். பிள்ளை தவறாகச் சொன்னால் சிரிக்கக்கூடாது. விதியைப் புரிந்துகொண்ட பிள்ளைதான் அந்தத் தவறைச் செய்யும்!