உங்களுக்குத் தெரியுமா? மலையை ரயிலேற்றி அனுப்பிய ஊர்!

சிகாகோவுக்குப் பக்கத்தில், மிச்சிகன் ஏரியின் தென்கரையில் இருக்கிறது இண்டியானா டியூன்ஸ் தேசியப் பூங்கா. கரை நீளம் சுமார் 24 கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் மணல்மேடு, அதை ஒட்டியே உருக்காலைப் புகைபோக்கி. இந்த இரண்டுக்கும் நடந்த இழுபறியிலிருந்து சில துணுக்குகள்.

● மிச்சிகன் சிட்டி ஊரில் 'ஹூசியர் ஸ்லைடு' என்றொரு மணல்மலை இருந்தது. உயரம் சுமார் 200 அடி. கண்ணாடி செய்யத் தோதான மணல் என்று தெரிந்ததுதான் தாமதம், அள்ளி அள்ளி ரயில் பெட்டிகளில் கொட்டினார்கள். 1890 வாக்கில் ஆரம்பித்த வேலை, 30 ஆண்டுகளில் சுமார் 1.35 கோடி டன் மணலை ஊரைவிட்டு அனுப்பியது. அமெரிக்க வீடுகளில் பழமும் காய்கறியும் பதப்படுத்தி வைத்த 'பால் பிரதர்ஸ்' ஜாடிகளில் இந்த மலைக்கும் பங்குண்டு. மலை நின்ற இடத்தில் பின்னாளில் மின்நிலையம் வந்தது.

● தாவரவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் ஒரு பாடத்துக்கு இந்த மணல்தான் கரும்பலகை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹென்றி கௌல்ஸ், 1899-ல் இங்குள்ள செடிகொடிகளைப் பற்றி எழுதினார். ஏரி பின்வாங்கப் பின்வாங்க, பழைய மேடுகள் உள்ளே தங்கிவிட்டன. புதியவை கரையோரம் முளைத்தன. ஆகவே தண்ணீரிலிருந்து காட்டை நோக்கி நடப்பவர் காலத்தில் பின்னோக்கி நடக்கிறார். முதலில் வெறும் மணல். அடுத்து மாரம் புல். மணல் மூடினாலும் விடாமல் மேலே முளைத்து, வேர்ப்பின்னலால் மேட்டைக் கட்டிப்போடும். பிறகு காட்டன்வுட் மரம். இடுப்பளவு மணலில் புதைந்தால் புதைந்த தண்டிலேயே புது வேர் விட்டுக்கொள்ளும் அழுத்தக்கார மரம் அது. அப்புறம் பைன், கடைசியில் ஓக். ஒரு செடிக்கூட்டம் மண்ணைப் பக்குவப்படுத்தி அடுத்த கூட்டத்துக்கு இடம் விடுகிறது என்ற கருத்து வேரூன்ற, கௌல்ஸின் இந்த ஆய்வு பெரிய காரணம்.

● பாலைக்குரிய சப்பாத்திக்கள்ளியும், வடதுருவப் பக்கத்துக் குளிரில் வளரும் பேர்பெர்ரியும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் வளர்கின்றன. பூங்காவின் சொந்தத் தாவர இனங்கள் மட்டும் 1,100-க்கு மேல்.

● மேடு நடக்குமா? 'மவுண்ட் பால்டி' நடக்கிறது. சுமார் 126 அடி உயர மேடு. ஏரிக்காற்று தள்ளத் தள்ள ஆண்டுக்குச் சில அடி உள்நாட்டுப் பக்கம் நகர்ந்து, வழியில் நிற்கும் ஓக் மரங்களை நின்றபடியே விழுங்குகிறது. விழுங்கிய மரம் உள்ளே உளுத்துப்போகும்; அதைச் சுற்றிய மணல் மட்டும் இறுகி நிற்க, நடுவில் குழாய்போல ஒரு பொந்து மிஞ்சும். மேலே பார்த்தால் சாதாரண மணல்தான். 2013 ஜூலையில் 6 வயதுச் சிறுவன் ஒருவன் அப்படியொரு பொந்தில் விழுந்து 11 அடி ஆழத்தில் புதைந்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் தோண்டி உயிரோடு எடுத்தார்கள்! அதன்பின் மேடு மூடப்பட்டது; விஞ்ஞானிகள் பொந்தின் ரகசியத்தைக் கண்டறிந்தது அப்போதுதான்.

● ரைட் சகோதரர்களுக்குக் கடிதத்தில் யோசனை சொன்ன ஆக்டேவ் சனூட், 1896-ல் தன் கிளைடர்களைப் பறக்கவிட்டது இந்தக் கரையின் மில்லர் பகுதியில்தான். அப்போது அவருக்கு வயது 64.

● கணிதம் படித்த ஆலிஸ் கிரே, 1915-ல் சிகாகோ வாழ்க்கையை உதறிவிட்டு இங்கே ஒரு குடிசையில் தனியாகக் குடியேறினார். பத்திரிகைகள் 'மணல்மேட்டு டயானா' என்று பெயர் சூட்டி, அவர் ஏரியில் குளித்ததைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதின. மணல்மேடுகளைக் காப்பாற்றச் சொல்லி 1917-ல் சிகாகோவில் அவர் பேசியது அந்த அளவுக்குப் பிரபலமாகவில்லை. செய்தித்தாள் புத்தி எந்த ஊரிலும் ஒன்றுதான்.

● 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்த மாதிரி வீடுகளை, 1935-ல் ஒரு மனை வியாபாரி ஏரி வழியே பார்ஜில் ஏற்றிக் கொண்டுவந்தார், மனை விற்க விளம்பரமாக! ஐந்து வீடுகள் இன்றும் நிற்கின்றன. அதில் 'நாளைய வீடு' சுவரெல்லாம் கண்ணாடி; சொந்த விமானம் நிறுத்தவும் இடம் உண்டு. வெயிலில் ஏசி திணறிப்போனதாம்.

● இங்கே தேசியப் பூங்கா வேண்டும் என்று 1916-லேயே, தேசியப் பூங்காக்களைக் கவனித்த அதிகாரி ஸ்டீபன் மேத்தர் சிகாகோவில் விசாரணை நடத்தினார். முதல் உலகப்போர் குறுக்கே வந்தது. 1952-ல் டோரத்தி பியூல் ஒரு பாதுகாப்புக் குழுவைத் தொடங்கினார். இண்டியானா அரசியல்வாதிகள் பலருக்குத் துறைமுகமும் உருக்காலையும்தான் கண்ணில் பட்டன; மணலுக்காகச் செனட்டில் மல்லுக்கட்டியவரோ பக்கத்து மாநிலமான இல்லினாய்ஸின் பால் டக்ளஸ். அதற்குள் நடுப்பகுதி மேடுகள் உருக்காலைக்காகச் சரிக்கப்பட்டன. அந்த மணலை வாங்கி ஏரியைத் தூர்த்துத் தன் வளாகத்தை நீட்டிக்கொண்டது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். அதுவும் இல்லினாய்ஸில்தான்! 1966-ல் தேசிய ஏரிக்கரை என்ற அந்தஸ்து கிடைத்தது. துறைமுகத்தையும் தடுக்க முடியவில்லை, அதுவும் வந்தது.

● பூங்கா எல்லையை ஒட்டி அணுமின் நிலையம் கட்டும் திட்டமும் இருந்தது. எதிர்ப்பு, வழக்கு, ஏறிக்கொண்டே போன செலவு என்று இழுத்து 1981-ல் கைவிட்டார்கள்.

● 2019 பிப்ரவரியில் 'தேசியப் பூங்கா' என்ற முழுப்பெயர் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பக்கத்து உருக்காலையிலிருந்து சயனைடும் அம்மோனியாவும் ஆற்றில் இறங்கி, மீன்கள் செத்து மிதந்தன. பூங்காவின் கரையில் ஒரு பகுதியைச் சில நாள் மூடிவைத்தார்கள்.