சந்தன மரத்தின் மரபுவளத்தை அளத்தல்

சங்கப் புலவர் 'ஆரம்' எனப் பாடிய மரம் சந்தனம். மைசூரில் 1792-இல் திப்பு சுல்தான் அதனை அரசுக்கே உரிய மரமாக்கினார். தனியார் நிலத்துச் சந்தனம் நிலத்துக்கு உரியவருடையதே எனக் கர்நாடகம் 2001-இலும் தமிழகம் 2002-இலும் சட்டத்தைத் திருத்தின. அதன்பின் உழவர் பலர் சந்தனம் நட முன்வந்தனர். கன்றின் விலையைக் கேட்போர் பலர். அதன் விதை எத்தனை மரங்களிலிருந்து எடுக்கப்பட்டது எனக் கேட்போர் மிகச் சிலர்.

சந்தனத்தில் மரங்களின் தொகை நம்மை ஏமாற்றக்கூடியது. வேரிலும் எண்ணெய் உண்டாதலின் மரத்தை வேரோடு அகழ்ந்தெடுப்பர். மண்ணில் எஞ்சிய வேர்த்துண்டுகள் மீண்டும் துளிர்க்கும். கண்ணுக்கு அவை இருபது மரங்கள். மரபணுக் கணக்கிலோ ஒரே மரம். மேலும், வைரம் பாய்ந்த பெருமரங்களையே திருடர் தேடி வெட்டியதால், மெலிந்தவை எஞ்சி நின்று விதை தரலாயின. 1998-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் சேர்த்தது.

முன்னாளில் வனத்துறையினர் இலையின் வடிவைக் கொண்டு மரங்களை வகைப்படுத்தினர். ஆனால் சந்தனமோ பிற செடிகளின் வேரை உறிஞ்சி வாழும் அரை ஒட்டுண்ணி. துவரையை அடுத்து நின்றாலொரு தோற்றம், சவுக்கை அடுத்து நின்றாலொரு தோற்றம் கொள்ளலாம். ஆகவே இலையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து ஆராயும் முறை வந்தது. டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே சிறு எழுத்துத்தொடர் பன்முறை அடுக்கி வரும். அடுக்கின் நீளம் மரத்துக்கு மரம் வேறுபடும். ஒவ்வோர் இடத்துக்கும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு பிரதிகள் உண்டு.

ஒரு கணக்கைக் காண்போம். 100 மரங்கள் உள்ள காட்டில் ஓரிடத்தில் நெடியது, குறியது என இரு வடிவங்கள் சரிபாதியாக உள்ளன என்க. மரங்கள் உறவு நோக்காது கலந்திருப்பின், ஏறத்தாழ 50 மரங்களில் இரு வடிவும் சேர்ந்திருத்தல் வேண்டும். எண்ணிப் பார்க்கையில் 20 மட்டுமே கிடைத்தால், நெருங்கிய உறவு மரங்களுக்குள்ளேயே மகரந்தம் சுழல்கிறது என்று ஐயுறலாம். இத்தகைய பல இடங்களில் ஒத்த விடை வந்தால் ஐயம் வலுப்படும். எல்லா இடங்களிலும் இரு மரங்கள் முற்றும் ஒத்திருப்பின் அவை ஒரே வேரின் துளிர்கள் எனக் கொள்ளலாம்.

இந்த அளவு எண்ணெயின் தரத்தைச் சொல்லாது. இதனைப் பலரும் குழப்பிக்கொள்கின்றனர். சான்டலால் எவ்வளவு என்பதை, அடிமரத்தில் துளையிட்டு எடுத்த மெல்லிய வைரத்துண்டை ஆய்ந்தே அறிய வேண்டும். நல்ல மரங்களைத் தெரிய அத்துளையும், தெரிந்தவை ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகளா எனக் காண டி.என்.ஏ.வும் வேண்டும்.

உடன்பிறப்புகளால் நிறைந்த தோப்புக்கு நேரக்கூடியதைக் குடகில் 1899-இல் பதிவான 'ஸ்பைக்' நோயைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம். இலைகள் சிறுத்துக் கூர்முட்களாய்க் குவிந்து, சில ஆண்டுகளில் மரம் பட்டுவிடும். தோட்டத்துக்கேற்ற மருந்து இன்னும் இல்லை. நோயைத் தாங்கும் மரம் ஒன்று எங்கேனும் இருந்தால், அது பலதரப்பட்ட கூட்டத்தினிடையேதான் அகப்படும். ஆகவே விதை திரட்டுவோர் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் பல மரங்களிலிருந்து எடுத்துக் கலக்கின்றனர். ஒற்றை மரத்து விதையை இன்று நட்டவருக்கு அதன் வைரம் எத்தகையது எனத் தெரியப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும்.