வலிக்கலைன்னு பெருமைப்படாதீங்க!

ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிறது நம்ம ஆம்பூர். ஆனால் சொந்தக் காலைக் குனிந்து பார்க்கத்தான் நம்மில் பலருக்கு மனசு வருவதில்லை. குனிந்தால் கௌரவம் குறைந்துவிடுமோ, என்னவோ!

தோல் தொழிற்சாலை மேஸ்திரி ஒருவர் வந்தார். பத்து வருஷமாகச் சர்க்கரை. "இருக்குது வைத்தியரே, ஆனா என்னை ஒண்ணும் பண்ணாது" என்றபோதே கை மீசைக்குப் போனது. செருப்பைக் கழற்றச் சொன்னேன். உள்ளங்காலில் ஓர் ஆணி ஏறியிருந்தது!

"வலிக்கலையா?"

"நமக்கு இதெல்லாம் இன்னா வலிக்கப் போவுது?" என்றார், மெடல் வாங்கியவர் மாதிரி.

அது வீரம் இல்லை, சுவாமி. நீரிழிவு நாள்பட்டால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். காவல்காரனைத் துரத்திவிட்டு, "எங்க வீட்டில் சத்தமே கிடையாது" என்று பெருமையடிக்கிற கதைதான் இது.

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் பெரும்பாலும் பாழாவது, உணர்வில்லாமல் படும் காயங்களாலும் அதில் சீழ் பிடிப்பதாலும்தான் என்று காட்டினார். ஒருமுறை நீண்ட ரயில் பயணத்துக்குப் பிறகு அவர் குதிகாலே மரத்திருந்தது. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. நோய் தனக்கும் வந்துவிட்டதென்று இரவெல்லாம் கலங்கினார். காலையில் மறுபடி குத்தினார். சுரீர்! வலித்ததற்காக மகிழ்ந்தார் அந்த மேதை.

நான் மட்டும் என்ன யோக்கியம்? நாடி பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவேன் என்ற மிதப்பில், வருஷக்கணக்காக ரத்தப் பரிசோதனையே செய்துகொள்ளவில்லை. "ஊரார் கையெல்லாம் பிடிக்கிறீங்க, உங்க கையை ஒருதரம் லேப்ல நீட்டக் கூடாதா?" என்றாள் வீட்டுக்காரி. நீட்டினேன். வெறும் வயிற்றில் 180! தலைக்கனம் அன்றைக்கு இறங்கியது.

சர்க்கரை உள்ளவர்கள் தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லையேல் பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம். காயம் இருந்தால் பச்சிலை, பற்று என்று நாளைக் கடத்தாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!

மேஸ்திரியையும் அன்றே அனுப்பினேன். கால் பிழைத்தது. இப்போது வரும்போதெல்லாம் அவரே காலைத் தூக்கிக் காட்டுகிறார்: "பாருங்க, ஒரு கீறல் கிடையாது!"

இதுவும் பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டும்!