கல்லில் எழுதாத செய்தி

தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடும் முதியவர் ஒருவர் இருப்பார். போர்வையின் நான்கு மூலைகளும் ஒத்துவர மடித்து வைப்பார். வாசலில் கழற்றிய செருப்பையும் வரிசை பிறழாது நிறுத்துவார். "தாத்தா பட்டாளத்தில் இருந்தவர்" என்பார்கள் பேரப்பிள்ளைகள். அதற்குமேல் கேட்டால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் குறையை ஓரளவேனும் போக்க எண்ணி, நம் சங்கத்தார் சிலர் முன்னாள் போர்வீரர் மூவரை உடன் அழைத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு மாலை தேசியப் போர் நினைவிடத்திற்குச் சென்று வந்தோம்.

இந்தியா கேட்டுக்கு அருகில், 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்றது அந்நினைவிடம். ஒன்றனுள் ஒன்றாக நான்கு வட்டங்கள்; நடுவே அணையா விளக்கு. தியாக சக்கரம் என்னும் வட்டத்தில் நிற்கும் பதினாறு சுவர்களில், நாடு விடுதலை பெற்றபின் களங்களில் உயிர் நீத்த 25,000க்கும் மேற்பட்ட வீரரின் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். எங்களுடன் வந்த பெரியவர்களுள் ஒருவர் யாரையும் வழி கேட்கவில்லை. நேரே ஒரு சுவரை நோக்கி நடந்தார். ஒரு பெயரின்மீது விரலை வைத்தார். பிறகு ஓரடி பின்வாங்கி, வளைந்த முதுகை நிமிர்த்திச் 'சல்யூட்' செய்தார். நாங்கள் தள்ளியே நின்றோம்.

வெளியே வந்து புல்வெளியில் அமர்ந்தபின் அவரே பேசத் தொடங்கினார்.

அவர் மதராஸ் சாப்பர்ஸ் என வழங்கும் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். 1780இல் தோன்றிய அப்படைக்குப் பெங்களூரே தாயகம். நம் இராணுவம் முழுவதும் அப்படை வீரரைத் 'தம்பி' என்றே அழைக்கும். 1968இல் பெங்களூரில் சேர்ந்தபோது, பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்தாம் அந்த நண்பர்; வட ஆர்க்காட்டுக்காரர். பெயரும் எண்ணும் எழுதிய தகரப் பெட்டிகள் இரண்டும் அருகருகே இருந்தன. பித்தளை வில்லைகளை இருவரும் ஒரே பிராசோ டப்பாவைக் கொண்டு மெருகேற்றினார்கள். வடக்கே வந்தபின், லங்கரில் சப்பாத்தியும் பருப்பும் வாங்கிக்கொண்டு சோற்றை எண்ணிப் பெருமூச்சு விட்டதும் ஒன்றாகவே. ஊரிலிருந்து ஊறுகாய் வந்தால், பெறும் முகவரி யாருடையதாயினும் பாதி மற்றவருக்கு உரியது.

பெய்லி பாலம் கட்டுவதைப் பற்றிப் பெரியவர் சொன்னதை இங்கே குறிப்பிட வேண்டும். அப்பாலத்தின் இரும்புச் சட்டம் ஒன்று ஏறக்குறைய 260 கிலோ எடை. தண்டு கொடுத்து ஆறு பேர் தூக்கவேண்டும். "ஒருவன் கை தளர்ந்தால் மற்ற ஐவருக்கும் உடனே தெரிந்துவிடும். அந்த எடையில் எவனும் எவனையும் ஏமாற்ற முடியாது. அப்படித்தான் நாங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டோம்" என்றார்.

1971 டிசம்பரில், சக்கர்கட் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். டாங்கிகள் ஆற்றைக் கடக்கவேண்டுமானால் முதலில் கண்ணிவெடிகளை அகற்றி வழி உண்டாக்க வேண்டும். பனி இரவில் மண்ணில் படுத்து, கூர்கோலைச் சாய்வாகச் செலுத்தித் துழாவி, கண்ட வெடியை அகற்றி, கடந்த வழிக்கு வெள்ளை நாடா கட்டிக்கொண்டே முன்னேறுவார்கள். பகைவரின் பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டேயிருக்கும். அத்தகைய ஓர் இரவில்தான் நண்பர் வீழ்ந்தார். அதைப் பற்றிப் பெரியவர் வேறொன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மறு ஆண்டு விடுப்புக் கிடைத்ததும், கிராண்ட் டிரங்க் வண்டியேறிச் சென்னை வந்து, அங்கிருந்து நண்பரின் ஊருக்குப் போனார். நண்பரிடம் பட்டிருந்த பத்து ரூபாய்க் கடன் சட்டைப்பையில் இருந்தது. தாயார் அதை வாங்கி விளக்கின் முன் வைத்தார். எப்படி இறந்தான் என்று கேட்பாரோ என்று பெரியவர் வழியெல்லாம் அஞ்சிக்கொண்டே வந்திருந்தார். தாயார் கேட்டது வேறு.

"தம்பி, என் பிள்ளை கடைசியாக என்ன சாப்பிட்டான்?"

பெரியவரால் அதற்கு விடை சொல்ல முடிந்தது. அன்று மாலை ஆறிப்போன பூரியையும் உருளைக்கிழங்கையும் இருவரும் ஒரே தட்டில் பகிர்ந்து உண்டார்கள். கையிலிருந்த ஷக்கர்பாராவில் கடைசித் துண்டை, "நீயே தின்னு" என்று நண்பர் இவரிடம் தள்ளிவிட்டார். அதைச் சொன்னதும், "பசியோடு போகவில்லை" என்று தாயார் தமக்குள் சொல்லிக்கொண்டாராம்.

நேயர்களே, அந்த விடை எந்தக் கல்லிலும் இல்லை. காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து, 1944இல் இத்தாலி நாட்டில் தோழர்களைக் காக்கக் கண்ணிவெடிமேல் விழுந்து உயிர் துறந்த சுபேதார் சுப்பிரமணியனை, ஜார்ஜ் கிராஸ் பெற்றவர் என வரலாறு அறியும். பம்பாயில் பிறந்து, 1987 நவம்பரில் இலங்கையில் வீழ்ந்து, பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேசுவரனின் சிலையை நினைவிடத்திலேயே கண்டு வணங்கினோம். அவரும் நம்மைப்போல் தாயகம் விட்டு வெளியூரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையே. விருது பெற்றவரைப் பற்றி எழுதப் பலர் உளர். பக்கத்துக் கட்டிலில் படுத்தவனைப் பற்றிச் சொல்ல, பக்கத்துக் கட்டில்காரரைத் தவிர வேறு யார் உளர்? 1971இல் இருபது வயதினராய் இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். எங்களுடன் வந்த மூவருள் ஒருவருக்குப் பெயர்கள் மறக்கத் தொடங்கிவிட்டன. "முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை" என்று அவர் அன்று இருமுறை சொன்னார்.

ஆகவே நம் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பட்டாளத்துப் பெரியவர் இருந்தால், இந்த வாரமே ஒரு மாலை அவர் அருகில் அமருங்கள். போரைப் பற்றிக் கேட்க வேண்டா. அவர் விரும்பினால் சொல்வார். லங்கரில் என்ன சமைத்தார்கள், ஊர்க் கடிதம் எத்தனை நாளில் வந்தது, பெட்டிக்குப் பக்கத்தில் யார் பெட்டி இருந்தது என்று கேளுங்கள். 56 ஏ.பி.ஓ. என்று முகவரியிட்ட பழைய கடிதங்கள் அலமாரியில் கிடந்தால், குப்பையென்று தள்ளாமல் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கணவரைக் களத்தில் இழந்த அம்மையார்களும் நம்மிடையே உள்ளனர், அவர்களிடமும் கேளுங்கள். கேட்டதைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நமக்கு அனுப்பினால் இவ்விதழில் மகிழ்வுடன் வெளியிடுவோம்.

திரும்பும் வழியில் பெரியவர் கார்ச் சன்னலோரம் மௌனமாய் அமர்ந்திருந்தார். வீட்டு வாசலில் இறங்கியபோது, உடன் வந்த அவருடைய பேரன், "தாத்தா, அந்த ஷக்கர்பாரா எப்படி இருக்கும்?" என்று கேட்டான். "உள்ளே வா, சொல்கிறேன்" என்று அவன் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்.