ஆயிரம் கி.மீ. போக எந்த மோட்டார் சைக்கிள்?

ஜெர்மனியின் வடக்கே ஹாம்பர்க் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே ஒரு கணவனும் மனைவியும் வசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. கோடை விடுமுறை வரப்போகிறது.

"மோட்டார் சைக்கிளிலேயே ஆல்ப்ஸ் மலைக்குப் போய் வரலாமா?" என்கிறான் கணவன்.

"போகலாம். ஆனால் எந்த வண்டியில்?" என்று கேட்கிறாள் மனைவி.

நல்ல கேள்வி! பின்னால் உட்காரப்போகிறவள் அவள்தானே!

இவர்கள் போக நினைக்கும் இடம் ஸ்டெல்வியோ கணவாய். இத்தாலியின் வட எல்லையில், 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1825-ல் ஆஸ்திரியப் பேரரசு போட்ட சாலை அது. வடக்குப் பக்கமாக ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள்! ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

ஹாம்பர்க்கிலிருந்து அந்த மலைக்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல். அதில் பெரும்பகுதி "ஆட்டோபான்" எனப்படும் அகன்ற நெடுஞ்சாலை. பல இடங்களில் வேகக் கட்டுப்பாடே கிடையாது. "130 கி.மீ.க்கு மேல் போகவேண்டாம்" என்று அரசாங்கம் யோசனை மட்டும் சொல்லியிருக்கிறது.

ஆகவே ஒரே பிரயாணத்தில் இரண்டு வேலை. முதலில் நாள் முழுவதும் நேர்கோட்டில் ஓடவேண்டும். பிறகு மலையில் பாம்பு போல வளைந்து வளைந்து ஏறவேண்டும். பந்தய வண்டி வளைவில் நன்றாகத் திரும்பும். ஆனால் அதில் குனிந்தே உட்காரவேண்டும். இரண்டு மணி நேரத்தில் முதுகு ஒடிந்துவிடும். சோபா போன்ற பெரிய வண்டியில் சுகமாக உட்காரலாம். ஆனால் கொண்டை ஊசி வளைவில் அது யானை போல் அசையும். இரண்டுக்கும் நடுவில் பிறந்த வண்டிதான் "ஸ்போர்ட் டூரிங்" மோட்டார் சைக்கிள்.

காற்று என்னும் எதிரி

நெடுந்தூரம் போகிறவனுக்கு முதல் எதிரி காற்று. 60 கி.மீ. வேகத்தில் முகத்தில் படும் காற்று இதமாக இருக்கும். வேகத்தை இரட்டிப்பாக்கி 120-ல் போய்ப் பாருங்கள். காற்று தள்ளும் பலம் இரண்டு மடங்காகாது. நான்கு மடங்காகும்! அதை எதிர்த்து நாள் முழுவதும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் தோளும் கழுத்தும் என்ன ஆகும்?

இதற்கு வழி கண்டது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி. 1976-ல் அது "ஆர் 100 ஆர்.எஸ்." என்ற வண்டியை வெளியிட்டது. ஹான்ஸ் முத் என்ற கலைஞர் அதன் உருவத்தை அமைத்தார். இத்தாலியில் உள்ள பினின்பரினா நிறுவனத்தின் காற்றுக் குகையில் வைத்து, செயற்கைக் காற்றை அடித்துச் சோதித்தார்கள். காற்று எங்கே மோதுகிறது, எங்கே விலகுகிறது என்று பார்த்துப் பார்த்து முன்கவசத்தை வளைத்தார்கள். முழுக் கவசத்தோடு தொழிற்சாலையிலிருந்தே ஏராளமாக விற்பனைக்கு வந்த முதல் வண்டி அதுதான் என்பார்கள். கால் முதல் மார்பு வரை காற்று படாது. மழையும் அதிகம் படாது.

இன்று பல வண்டிகளில் முன்கண்ணாடி ஏறி இறங்குகிறது. பொத்தானை அழுத்தினால் போதும். இது ஆடம்பரம் என்று முதலில் நானும் நினைத்தேன். அப்படி அல்ல. கண்ணாடி தவறான உயரத்தில் இருந்தால் காற்று சுழன்று ஹெல்மெட்டை அடிக்கும். தலை ஆடிக்கொண்டே இருக்கும். பார்வை மங்கும். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் கேட்கும் காற்றின் இரைச்சல் 100 டெசிபல் அளவுக்குப் போகிறது. காது கெடுவதற்கு அது போதும். ஆகவே பழக்கப்பட்ட சவாரிக்காரர்கள் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டுதான் புறப்படுகிறார்கள்.

களத்தில் நிற்கும் வண்டிகள்

நம் ஹாம்பர்க் தம்பதி எதைப் பார்க்கலாம்?

ஹோண்டா எஸ்.டி. 1300. "பான் யூரோப்பியன்" என்றும் சொல்வார்கள். இதன் அண்ணன் எஸ்.டி. 1100, 1990-ல் வந்தது. ஐரோப்பாவின் நீண்ட சாலைகளை மனதில் வைத்தே உருவாக்கப்பட்ட வண்டி அது. தம்பி 2002-ல் வந்தான். 1,261 சி.சி. எஞ்சின். பெட்ரோல் டாங்கில் 29 லிட்டர் பிடிக்கும்! எடையோ ஏறத்தாழ 320 கிலோ. நம் ஊர் புல்லட் 350 சுமார் 195 கிலோதான். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

யமஹா எப்.ஜே.ஆர். 1300. 2001-ல் ஐரோப்பாவுக்கு வந்தது. 1,298 சி.சி. டாங்க் 25 லிட்டர். எடை சுமார் 290 கிலோ. எஞ்சினின் வால்வுகளைச் சோதிக்க ஏறத்தாழ 42,000 கி.மீ. வரை காத்திருக்கலாம் என்பது இதன் பெருமை. ஊர் சுற்றுகிறவனுக்கு இது பெரிய நிம்மதி.

பி.எம்.டபிள்யூ. ஆர் 1200 ஆர்.டி. 2005-ல் வந்தது. 1,170 சி.சி. இரண்டு சிலிண்டர்களும் இரண்டு பக்கமும் காது போல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க வேடிக்கைதான். ஆனால் பாரம் கீழே இருப்பதால் வண்டி எளிதில் சாய்ந்து திரும்பும். எடை சுமார் 260 கிலோ.

கவாஸாகி 1400 ஜி.டி.ஆர். இருக்கிறது. 150 குதிரைசக்திக்கு மேல். அவ்வளவு அவசரம் நம் தம்பதிக்கு இல்லை. விட்டுவிடுவோம்.

புதிதாக வந்தவை சில. ஹோண்டா என்.டி. 1100, சுசுகி ஜி.எஸ்.எக்ஸ்.-எஸ் 1000 ஜி.டி. இவை இரண்டும் 2022-ம் ஆண்டு மாடல்கள். முன்னது 238 கிலோ, பின்னது 226 கிலோ. இளைத்த உடம்பு!

இங்கே ஒரு விஷயம். எஸ்.டி. 1300-ஐ ஹோண்டா நிறுத்திவிட்டது. எப்.ஜே.ஆரும் ஐரோப்பாவில் விற்பனையிலிருந்து போய்விட்டது. அவை வேண்டுமானால் பழைய வண்டியாகத்தான் வாங்கவேண்டும். ஆர்.டி. வரிசை மட்டும் புதிய எஞ்சின்களோடு தொடர்கிறது.

டாங்க் பெரியதா, மனிதன் பெரியவனா?

29 லிட்டர் டாங்க் என்றதும் வாங்குகிறவன் மயங்கிவிடுவான். லிட்டருக்கு 17, 18 கி.மீ. என்று வைத்தாலும் ஒரே மூச்சில் 500 கி.மீ. போகலாமே என்பான்.

போகலாம். ஆனால் மனிதன் உட்காருவானா? இரண்டு மணி நேரத்தில் கால் மரத்துப் போகும். தாகம் எடுக்கும். பின்னால் இருப்பவள் தோளைத் தட்டுவாள். அனேகமாக 200 கி.மீ.க்கு ஒரு முறை இறங்கித்தான் ஆகவேண்டும். என்.டி. 1100-ன் டாங்க் 20 லிட்டர்தான். ஆனால் அது லிட்டருக்கு 20 கி.மீ. ஓடுகிறது. 400 கி.மீ. தாராளம். ஐரோப்பாவில் அதற்குள் எத்தனையோ பெட்ரோல் பங்குகள்! ஆகவே டாங்கைப் பார்த்து வண்டி வாங்குவது வீண் என்பது என் எண்ணம். பெரிய டாங்க் நிரம்பினால் அதுவே 20 கிலோவுக்கு மேல் பாரம்.

செயினா, ஷாப்டா?

சைக்கிளில் இருப்பது போல் செயின் உள்ள வண்டி எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் செயினுக்கு அடிக்கடி எண்ணெய் போடவேண்டும். பலர் 800 கி.மீ.க்கு ஒரு முறை போடுகிறார்கள். மழையில் நனைந்தால் அன்றே போடவேண்டும். அதாவது நம் தம்பதி ஹாம்பர்க்கிலிருந்து மலை அடிவாரத்துக்குப் போய்ச் சேரும் இரவில், விடுதி வாசலில் குந்திக்கொண்டு, டார்ச் விளக்கு வெளிச்சத்தில் கணவன் செயினுக்கு எண்ணெய் போடுவான். மனைவி சாப்பாட்டு மேஜையில் காத்திருப்பாள்.

ஷாப்ட் என்பது இரும்புக் குழாய்க்குள் சுழலும் தண்டு. அது எஞ்சினின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றினால் சரி. கையில் கறை படாது. எஸ்.டி., எப்.ஜே.ஆர்., ஆர்.டி. மூன்றிலும் ஷாப்ட். புதிய ஹோண்டாவிலும் சுசுகியிலும் செயின். எடை எப்படிக் குறைந்தது என்பதற்கு ஒரு காரணம் இதுவும்தான்!

பின்னால் இருப்பவள் கதை

வண்டி வாங்கும்போது ஆண்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. தனியாகப் போய், தனியாக ஓட்டிப் பார்த்து, தனியாக முடிவு செய்கிறார்கள்.

ஓட்டுகிறவனுக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது. வளைவு வருவது கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் இருப்பவளுக்கு முன்னால் தெரிவது கணவனின் முதுகு. அவன் பிரேக்கை அழுத்தினால் வண்டியின் மூக்கு குனிகிறது. அவள் முன்னால் சரிகிறாள். அவள் ஹெல்மெட் அவன் ஹெல்மெட்டில் "டக்" என்று இடிக்கிறது. ஸ்டெல்வியோவில் 48 வளைவு. 48 "டக்"! அந்த இரவு விடுதியில் என்ன பேச்சு நடக்கும் என்று கல்யாணம் ஆனவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் ஆர் 1200 ஆர்.டி. கெட்டிக்காரன். அதன் முன்பக்க அமைப்புக்கு "டெலிலீவர்" என்று பெயர். பிரேக் பிடிக்கும்போது மூக்கு மற்ற வண்டிகளைப் போலக் குனியாது. முதுகுக்கு ஒரு சாய்மானமும் வைத்துக்கொண்டால் அவள் உலகம் சுற்றக்கூடத் தயாராகிவிடுவாள்.

எடையையும் மறந்துவிடக்கூடாது. ஓடும்போது 300 கிலோ வண்டி பூப்போல இருக்கும். கேடு நிற்கும்போதுதான். சரிவான இடத்தில் நிறுத்தி, கால் ஊன்றினால் கூழாங்கல் வழுக்குகிறது. பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் சாமான் பெட்டி. மொத்தம் 450 கிலோ சாய ஆரம்பித்தால் பயில்வானாலும் பிடிக்க முடியாது. கால் உள்ளே சிக்கினால் எலும்பு முறியும். ஹோண்டா இதைத் தெரிந்துதான் எஸ்.டி.யின் இரண்டு பக்கமும் சின்னச் சிறகு போன்ற தாங்கிகளை வைத்தது. விழுந்தாலும் வண்டியின் உடம்பு சிதையாது. மனிதனுக்குச் சிறகு கிடையாதே!

இரும்பு மனிதர்கள்

அமெரிக்காவில் நெடுந்தூர சவாரிக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பெயர் "அயர்ன் பட்". உட்காரும் இடம் இரும்பாலானவர்கள் என்று நாகரிகமாக மொழிபெயர்த்துக்கொள்ளலாம். 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது 1,609 கி.மீ. ஓட்டிக் காட்டி, ரசீதுகளோடு நிரூபித்தால் சான்றிதழ் கொடுக்கிறார்கள். 1984-ல் தொடங்கிய இவர்களுடைய பெரிய போட்டியில் 11 நாளில் சுமார் 11,000 மைல் ஓட்டுகிறார்கள். எப்.ஜே.ஆர். போன்ற வண்டிகளை அங்கே நிறையப் பார்க்கலாம்.

இந்த இரும்பு மனிதர்கள் தூங்காமல் ஓட்டுகிறவர்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். இல்லை. அவர்கள் போட்டியில், நடுவே வண்டியை நிறுத்தி ஓய்வு எடுத்ததை நிரூபித்தால் அதற்கும் மார்க் உண்டு!

காரணம் இருக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனைச் சோதித்துப் பார்த்தார்கள். அவனுடைய கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவனின் கவனத்துக்குச் சமமாக இறங்கியிருந்தது. ஜெர்மனியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லையும் அதே 0.05-தான். காரில் கண் அசந்தால் சுற்றிலும் இரும்புக் கூடாவது உண்டு. இரண்டு சக்கர வண்டியில் ஒரு விநாடி போதும். பின்னால் இருக்கும் உயிரும் சேர்ந்து போகும்.

ஆகவே ஹாம்பர்க் தம்பதிக்கு நான் சொல்வது, அந்த ஆயிரம் கி.மீ.யை இரண்டு நாளாக வெட்டுங்கள். முனிக் நகரம் சுமார் 780 கி.மீ.யில் இருக்கிறது. அதுவரைகூட முதல் நாள் போகவேண்டாம். நடுவழியில் ஓர் ஊரில் தங்குங்கள்.

எதை வாங்கலாம்?

கணவன் உயரமானவன், பலசாலி, பணம் குறைவு என்றால் பழைய எப்.ஜே.ஆர். நல்லது. பழுது பார்த்த புத்தகம் சரியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்கவேண்டும். நெடுஞ்சாலையிலேயே போய் நெடுஞ்சாலையிலேயே திரும்புகிறவன் எஸ்.டி. 1300-ஐப் பார்க்கலாம். 48 வளைவுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். தனியாகப் போகிற இளைஞனுக்குச் சுசுகி போதும். எண்ணெய் போடுவது அவன் பாடு. கணவன் மனைவி இருவரும் போவதென்றால், கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும், பழைய ஆர்.டி.தான் என் ஓட்டு. அவ்வளவு எடையைத் தள்ள முடியாது என்று அவன் ஒப்புக்கொண்டால் என்.டி. 1100. ஒப்புக்கொள்ளும் ஆண்கள் குறைவு.

கடைக்கு இருவரும் சேர்ந்து போகட்டும். பெட்டிகளில் சாமானை நிரப்பி மாட்டச் சொல்லட்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, சரிவில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கட்டும். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பார்க்கட்டும். பிறகு மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அரை மணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டட்டும். ஐந்து நிமிஷத்தில் எல்லா ஆசனமும் மெத்தையாகத்தான் இருக்கும். இறங்கிய பிறகு முதலில் அவளைப் பேசவிடட்டும்.

அவசரம் ஒன்றும் இல்லை. ஸ்டெல்வியோ சாலை குளிர்காலம் முழுவதும் பனியால் மூடிக் கிடக்கும். மே மாதக் கடைசியிலோ ஜூனிலோதான் திறப்பார்கள். அதுவரை வண்டி பார்க்கலாம்.