சுவருக்கு வெளியே ஒரு கல்லறை

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் நம் கிராமத்து வீடுகளில் பேய்க்கதைகளும் தொடங்கிவிடும். செபமாலை முடிந்தபின், வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டே ஆச்சிமார் சொல்லும் கதைகளை நாமும் சிறுவயதில் போர்வைக்குள் முகம் புதைத்துக் கேட்டதுண்டு. இதே மழைநாட்களில்தான் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளும் வருகிறது. களை பிடுங்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கிறோம்.

ஆவிக்கதை என்றதும் முகம் சுளிக்கும் அன்பர்களுக்கு ஒன்று கூறுவோம். பாப்பரசர் பெரிய கிரகோரியார் 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய 'உரையாடல்கள்' நூலிலேயே அத்தகைய கதை ஒன்று உண்டு. யுஸ்துஸ் என்னும் துறவி மடத்து ஒழுங்கை மீறி 3 பொற்காசுகளை ஒளித்து வைத்திருந்தார். அவர் இறந்ததும் அக்காசுகளோடு அவரை எருக்குழியில் புதைத்தனர். பின்னர் மனமிரங்கிய கிரகோரியார் அவருக்காக 30 நாள் இடைவிடாது திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். முடிவில் யுஸ்துஸ் தம் உடன்பிறந்தாருக்குத் தோன்றி, இனித் தமக்குக் குறையில்லை என்று தெரிவித்தாராம். இன்றும் இறந்தோருக்காக நிறைவேற்றப்படும் 30 கிரகோரியார் திருப்பலிகள் இக்கதையிலிருந்தே பிறந்தன. எருக்குழியில் தள்ளப்பட்டவரையும் மறவாத கதை அது.

நாம் முன்பு பணியாற்றிய தென்பகுதிப் பங்கு ஒன்றில், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, கள்ளி மறைவில் ஒரு மண்மேடு இருந்தது. "கிணத்துப் பேய் இருக்கு சாமி, இருட்டினப்புறம் போகாதீங்க" என்று பீடச்சிறுவர்கள் நம்மை எச்சரித்தனர். ஈரக்கூந்தலாம், வெள்ளைச் சேலையாம்! ஒரு மழை மாலையில் நோயாளிக்கு நற்கருணை கொண்டு சென்ற வீட்டிலும் பேரப்பிள்ளைகள் அதே கதையைத்தான் விரித்துக்கொண்டிருந்தனர். கட்டிலில் கிடந்த ஆச்சி, "போதும், நிறுத்துங்கல!" என்று அதட்டினார். பிறகு நம் பக்கம் திரும்பி, "அது பேய் இல்ல சாமி. எங்க அக்கா" என்றார்.

புகுந்த வீட்டுத் துன்பம் தாளாமல் 1950களில் கிணற்றில் உயிர்விட்டவர் அந்த அக்காள். தெரிந்தே தம்மை மாய்த்துக்கொண்டு, மனம் வருந்திய அடையாளமும் காட்டாதோருக்கு 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அடக்கச் சடங்கை மறுத்திருந்தது. ஆகவே சுவருக்கு வெளியே குழி. வீட்டிலும் அவர் பெயரை எடுக்கக்கூடாதென்று தகப்பனார் தடைவிதித்துவிட்டார். பெயர் போன இடத்தில் பேய் வந்து அமர்ந்தது.

1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த மறுப்பு இல்லை. இத்தகையோரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்று 1992இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடும் போதிக்கிறது. ஊரார் இதை அறியார். அறிந்திருந்த நாமோ 4 ஆண்டுகள் தீர்த்தச் செம்போடு சுவர்வரை சென்று திரும்பியிருந்தோம். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

அவ்வாண்டுக் கல்லறைத் திருநாளில் சுவரைத் தாண்டிச் சென்றோம். ஆச்சியை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தனர். மந்திரிப்புக்குமுன் பெயரைக் கேட்டோம். சொன்னார். அதை இங்கே எழுத வேண்டாமென்பது அவர் விருப்பம்.

"அவங்க எப்படி இருப்பாங்க ஆச்சி?" என்றான் ஒரு பேரன்.

"நல்லாப் பாடுவா. என்னை இடுப்புல தூக்கிக்கிட்டுத்தான் கோயிலுக்குப் போவா. அம்மாவுக்குத் தெரியாம கருப்பட்டி எடுத்துத் தருவா."

பிள்ளைகள் சிரித்தனர். தூறலில் மெழுகுவர்த்தி இரண்டு முறை அணைந்தது. பேய்க்கதையை எல்லாரிலும் உரக்கச் சொன்ன சிறுவனே குனிந்து, கையால் மறைத்து, மீண்டும் ஏற்றினான்.